பழஞ்சீலையும் புளியங்கொட்டையும்
வீட்டிலேயே செய்யத்தக்க தாய விளையாட்டு

பாடசாலை விடுமுறை தொடங்கியதும், பிள்ளைகளுக்குப் பொழுது எவ்வாறு போகும் என்ற கவலை பெற்றோரைப் பிடித்துக்கொள்கின்றது. கடைக்குச் சென்று லூடோப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுக்கின்றனர். முதல் வாரம் வீடெங்கும் குதூகலம். மூன்றாம் வாரத்திலே சிவப்புக் காய் ஒன்று அலுமாரிக்கு அடியில் மறைந்துவிடுகின்றது. பின்னர் பகடை தொலைகின்றது. அட்டை மடிப்பிலே கிழிகின்றது. அடுத்த விடுமுறை வருமுன் பெட்டி முழுவதும் குப்பைக்குப் போய்விடுகின்றது. ஒரு காய் தொலைந்ததற்காக எஞ்சிய பதினைந்து காய்களையும் நாம் எறிந்துவிடுகின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

எறியப்பட்ட பொருள் எங்கே போகின்றது? தாள் மட்கும், மரம் உளுக்கும், பிளாஸ்டிக்கோ சிறு சிறு துணுக்குகளாக உடையுமேயன்றி எளிதில் அழியாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், கொழும்புக்கு அப்பாற் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னுங் கப்பல் தீப்பற்றியதையும், அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் நமது மேற்குக் கரையெங்கும் வெண்மணலோடு மணலாகக் குவிந்து கிடந்ததையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாளி, போத்தல், விளையாட்டுப் பொருள் முதலியவற்றை வார்ப்பதற்கு இத்தகைய மணிகளே மூலப்பொருளாகும். ஒரு வீட்டின் ஒரு பகடையினால் கடல் கெட்டுவிடப் போவதில்லை. ஆயினும், தொலைந்த ஒன்றை ஈடுசெய்ய முடியாத பொருளை வாங்குவதும் எறிவதுமே வழக்கமாகிவிட்டால், அவ்வழக்கத்தைப் பிள்ளைகளும் நம்மிடமிருந்தே கற்றுக்கொள்வர்.

லூடோவின் மூதாதை

இவ்விடத்திலே ஓர் உண்மையை நினைவுகூர்தல் நன்று. நாம் கடையிலே வாங்கும் லூடோ, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலே உருவாக்கப்பட்டது. அதன் மூதாதையோ வட இந்தியாவின் பச்சீசி. பச்சீசி என்றால் இருபத்தைந்து; சோகிகளை எறிந்து பெறத்தக்க மிக உயர்ந்த எண்ணினால் வந்த பெயர் அது. அக்பர் சக்கரவர்த்தியின் பத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் இவ்விளையாட்டின் கட்டங்கள் பென்னம் பெரிதாகக் கல்லிலே அமைக்கப்பட்டிருப்பதை இன்றுங் காணலாம். சாதாரண மக்களோ அதனைத் துணியிலே தைத்து, ஆடி முடிந்ததும் சுருட்டி வைத்தனர்.

நமது தாயமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சித்திரைப் புத்தாண்டுக் காலத்திலே சிங்கள மக்கள் ஆடும் பஞ்ச விளையாட்டிலும் சோகிகளைச் சிரட்டையிலிட்டுக் குலுக்கியே எறிகின்றனர். ஆகவே, சுற்றாடலுக்குத் தீங்கு செய்யாத விளையாட்டுப் பொருளை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முன்னோர் வைத்திருந்ததை மீண்டும் எடுத்துக்கொண்டாற் போதும்.

கட்டம் அமைத்தல்

பழைய பருத்திச் சீலையின் கிழியாத பகுதியிலே 45 சதமமீற்றர் சதுரமாக ஒரு துண்டு வெட்டிக்கொள்க. நான்கு ஓரங்களிலும் இரண்டரைச் சதமமீற்றர் மடித்துத் தைத்தால் 40 சதமமீற்றர்ச் சதுரம் எஞ்சும். பக்கத்துக்கு ஐந்தாக, ஒவ்வொன்றும் 8 சதமமீற்றர் கொண்ட 25 கட்டங்களைப் பென்சிலாற் கீறி, அக்கோடுகளின்மேல் தடித்த நூலால் ஓட்டுத் தையல் போடுக. நான்கு ஓர வரிசைகளின் நடுக்கட்டங்களிலும், எல்லாவற்றுக்கும் மையமான கட்டத்திலும் குறுக்காக இரு கோடுகள் தைத்துவிட்டால் பலகை ஆயத்தமாகிவிடும். தையல் பழகும் பத்து வயதுச் சிறுமிக்கும் சிறுவனுக்கும் இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

வர்ணந் தீட்ட விரும்புவோருக்குச் சமையலறையே சாயக்கடை. மஞ்சட்கரைசல் மஞ்சள் நிறந் தரும். அதனுடன் சிறிது சுண்ணாம்பு சேர்ந்தாற் சிவக்கும். ஆனால் மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கிவிடும். கறுப்பு வேண்டுமாயின், கடுக்காயையோ கடுந்தேயிலையையோ அவித்த நீரிலே துருப்பிடித்த ஆணிகளைச் சில நாட்கள் ஊறவிடுக. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புடன் கூடிக் கருமையாகும். முற்காலத்தில் மை செய்த முறைகளுள் இதுவும் ஒன்று. இரசாயனம் பயிலும் மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம்.

பனையோலை கிடைக்கும் ஊர்களிலே, சாயமிட்ட ஓலையையும் சாயமிடாத ஓலையையும் மாறி மாறிப் பின்னி, தடுக்கையே பலகையாக்கலாம். பின்னத் தெரிந்த பாட்டிமார் அருகில் இருக்கும்போது அக்கலையைக் கற்றுக்கொள்ள இதுவே தருணம்.

சோகியா, கொட்டையா?

எறிவதற்குச் சோகியே சிறந்தது என்பர். பெட்டகத்தின் அடியிலே பழைய சோகிகள் கிடந்தால் அவற்றைத் தாராளமாக எடுத்துப் பாவிக்கலாம். ஆனால் புதிதாக வாங்க வேண்டா. சோகி என்பது கடலில் வாழும் ஓர் உயிரின் ஓடு. கடையிலே மினுமினுக்கும் சோகிகளிற் பெரும்பாலானவை, அவ்வுயிரைக் கொன்று பெறப்பட்டவை. இயற்கைப் பொருள் என்பதனால் மாத்திரம் ஒன்று இயற்கைக்கு நன்மையாகிவிடாது.

அதற்குப் பதிலாகப் புளியங்கொட்டை இருக்கின்றது. கறிக்குப் புளி கரைத்தபின் எறியப்படும் கொட்டைகளுள் ஏறத்தாழ ஒரே அளவான நான்கைத் தெரிந்து, கழுவி, சில நாட்கள் வெயிலிலே காயவிடுக. துளை விழுந்தவற்றை விலக்கிவிடுக. ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தையுங் கருங்கல்லிலே உரசினால் கருந்தோல் நீங்கி வெண்மை தோன்றும். உரசும்போது கொட்டை சூடேறும். இடையிடையே ஆறவிடுதல் வேண்டும். நான்கையும் ஒரே அளவு உரசுதல் முக்கியம். வழுவழுப்பாகத் தேய்த்த ஒரு சிரட்டை, குலுக்குங் கிண்ணமாக உதவும்.

ஆடுவோர் நால்வருக்கும் நந்நான்கு காய்கள் தேவை. ஒருவருக்குச் சிவந்த மஞ்சாடி விதை, மற்றவருக்கு வெண்கூழாங்கல், இன்னொருவருக்குச் சிரட்டைத் துண்டு, நான்காமவருக்குக் கடற்கரையிலே உதிர்ந்து கிடக்கும் சவுக்கங்காய். ஒன்று தொலைந்தால் முற்றத்துக்குச் சென்று இன்னொன்று எடுத்து வரலாம். கடைப்பெட்டிக்கு இல்லாத பெருஞ்சிறப்பு இதுவே.

பெற்றோர் கவனத்துக்கு

அழகைக் கண்டு குன்றிமணியைக் காயாக எடுத்துவிடலாகாது. அதனுள்ளே கொடிய நஞ்சு உண்டு. கடித்தாலோ துளையிட்டாலோ அந்நஞ்சு வெளிப்படும். ஆமணக்கு விதையும் மஞ்சள் அலரி விதையும் அத்தகையனவே. மஞ்சாடி விதை குன்றிமணியைப் போலச் சிவந்ததாயினும் அதிலே கரும்பொட்டு இராது. இரண்டையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் நன்று. எந்த விதையானாலும், எதையும் வாயிலிடும் பருவத்துக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

ஆடும் முறை

ஒவ்வொருவரும் தம் பக்கத்து நடுக்கட்டத்தைத் தம் மனையாகக் கொள்வர். நான்கு கொட்டைகளையும் குலுக்கி எறிந்து, வெள்ளை மேலாக விழுந்தவற்றை எண்ணுதல் வேண்டும். ஒன்று விழுந்தால் தாயம். அதனாலேதான் ஒரு காயை மனையில் இறக்கலாம். நான்கும் வெள்ளையானால் 4. நான்கும் கறுப்பானால் 8. இவ்விரண்டில் எது விழுந்தாலும் மறுபடியும் எறியலாம். காய், மனையிலிருந்து வலப்புறமாகப் புறப்பட்டு வெளிச்சுற்றிலே 15 கட்டங்கள் சென்று, தன் மனைக்கு முந்திய கட்டத்தை அடைந்ததும் உள்ளே திரும்பும். உட்சுற்றின் 8 கட்டங்களையும் எதிர்த்திசையிற் கடந்து மையத்தை அடைந்தாற் பழம். ஆக, மனையிலிருந்து 24 அடிகள். எதிரியின் காய் நிற்குங் கட்டத்திலே சரியாக வந்து விழுந்தால் அதனை வெட்டலாம். குறுக்குக் கோடிட்ட கட்டங்களிலே வெட்டு இல்லை. ஒரு காயையேனும் வெட்டாதவர் உட்சுற்றுக்குள் நுழைதலாகாது. நான்கு காய்களையும் முதலிற் பழமாக்கியவரே வென்றவர்.

எறிவிலே கணிதம்

கடைப் பகடையிலே ஆறு எண்களுக்கும் சமவாய்ப்பு. கொட்டைகளிலோ அவ்வாறன்று. நான்கு கொட்டைகள் விழத்தக்க வகைகள் 16. அவற்றுள் 2 விழும் வகைகள் 6. 1 விழுவன 4. 3 விழுவன 4. 4 விழுவது ஒன்றே. 8 விழுவதும் ஒன்றே. ஆகவே, எதிரியின் காய்க்கு இரண்டு கட்டங்கள் முன்னால் நிற்பதே மிக ஆபத்தான இடம். இதனை அறிந்த பிள்ளை, அதிர்ஷ்டத்தை மாத்திரம் நம்பி ஆடாது.

உங்கள் கொட்டைகள் நேர்மையானவையா என்று சோதிக்க 160 முறை எறிந்து குறித்துக்கொள்ளுங்கள். 2 ஏறத்தாழ 60 தடவையும், 1, 3 ஆகியவை 40 தடவை வீதமும், 4, 8 ஆகியவை 10 தடவை வீதமும் வருதல் வேண்டும். பெரிதும் மாறுபட்டால், உரசியதிலே குறையுண்டு என்று அறிந்து வேறு கொட்டை தெரிக.

அழியக் கூடியது எது?

சீலை கந்தலானால் வேறொன்று தைக்கலாம். கொட்டை உளுத்தால் வேறொன்று உரசலாம். போனால் வாராதது ஒன்று உண்டு; அது விளையாட்டின் விதி. மேலே சொன்னது ஒரு முறையே. ஏழுக்கு ஏழாகக் கட்டமிட்டு ஆடுவோரும் உளர். தாயத்துக்கு மறு எறிவு கொடுக்கும் ஊர்களும், ஒரே கட்டத்தில் இரு காய்கள் சேர்ந்து நின்றால் வெட்ட விடாத ஊர்களும் உண்டு. இவை முதியோரின் நினைவிலேயே தங்கியிருக்கின்றன. ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடும்பங்களிலே அந்நினைவும் ஒவ்வொன்றாய் மறைந்து வருகின்றது.

ஆதலால், கட்டத்தைத் தைத்து முடித்ததும் முதல் ஆட்டத்துக்கு அப்பப்பாவையும் அம்மம்மாவையும் அழைத்து அமர்த்துங்கள். உங்கள் ஊரில் எவ்வாறு ஆடினீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியிலே, ஊர்ப்பெயருடன் எழுதி, கொட்டைகளோடு ஓலைப்பெட்டியில் வைத்துவிடுங்கள். பிள்ளைகள் அடுத்த விடுமுறைக்குப் பெட்டியைத் திறக்கும்போது விளையாட்டு முழுமையாக அங்கேயே இருக்கும்.