படகே இல்லம், கடலே ஊர்

முன்னுரை

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, அவ்வந்நில வாழ்வுக்கு இலக்கணம் கண்டவர் தமிழர். அவற்றுள் கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயர் பெற்றது. நெய்தல் நில மாந்தர் கடலுக்குள் சென்று மீண்டனர், கடலிலேயே குடியிருந்தாரல்லர். அவர்தம் குடிலும் கரையில் இருந்தது. வழிபார்த்திருக்கும் மனையாளும் மக்களும் கரையில் இருந்தனர். இரங்கல் என்னும் நெய்தலின் உரிப்பொருளே கரையில் நின்று கடலை நோக்குவார்தம் உணர்வன்றோ! கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறுவதாக உரைகாரர் சிலர் பொருள் கொண்டிருத்தலும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆயின், கரையையே விடுத்து, மனைவி மக்களையும் அடுப்பையும் பானையையும் படகில் ஏற்றிக்கொண்டு, கரையோரமாகத் தீவுக்குத் தீவு மெல்ல நகர்ந்து வாழ்ந்த மக்களும் உலகில் உண்டு. நம் சோழமண்டலக் கரைக்குக் கிழக்கே, வங்கக் கடலுக்கு அப்பால், அந்தமான் கடலில் வாழும் மோக்கென் மக்களும், அதற்கும் கிழக்கே சூலு, செலிபிஸ் கடல்களில் வாழும் பஜாவ் மக்களும் அத்தகையோர். இவர்களை 'நாடோடிகள்' என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுதல் பலரது வழக்கம். இவர்களது வாழ்வு வழி தெரியாது அலையும் வாழ்வன்று. தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தேர்ந்த வாழ்வு என்பதையும், படகு போனால் அதனோடு போவது எது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலமே இல்லம்

மியன்மாரின் தென்கரையில் மெர்குயி தீவுக்கூட்டம் உள்ளது. ஏறத்தாழ 800 தீவுகளைக் கொண்ட இக்கூட்டமும், அதற்குத் தெற்கே தாய்லாந்தின் மேற்குக் கரையோரத் தீவுகளும் மோக்கென் மக்களின் வாழிடம். அவர்களது படகுக்குக் 'கபாங்' என்று பெயர். நம் கரையில் வள்ளம் குடைவதைப் போலவே பெருமரம் ஒன்றைக் குடைந்து, நெருப்பின் வெம்மையால் அதன் வாயை அகலச் செய்து அடிப்பகுதியை அமைப்பர். அதன்மேல் ஒருவகைச் சிறு பனையின் மட்டைகளை அடுக்கடுக்காக வரிந்து கட்டிப் பக்கச்சுவர்களை உயர்த்துவர். மட்டை தக்கைபோல் இலேசானது. ஆகவே அலை புகுந்து நீர் நிறைந்தபோதும் படகு எளிதில் மூழ்குவதில்லை. மட்டை விரைவில் நைந்துபோகும் என்பது அதன் குறை. அதனை அடிக்கடி மாற்றியாகவேண்டும். பிற்காலத்தில் மட்டைக்கு மாற்றாகப் பலகை வந்தது.

படகின் நடுவே கூரை வேய்வதும், முற்காலத்தில் பாய் முடைந்ததும் தாழை ஓலை கொண்டு. நெய்தல் நிலத்துக்கு உரியதாக நம் புலவர் பாடிய தாழை, அக்கடலில் ஒரு குடும்பத்தின் கூரையாகவும் அதனைச் செலுத்தும் பாயாகவும் பயன்பட்டது அறிந்து மகிழத்தக்கது. அக்கூரையின் கீழேயே உண்பர், உறங்குவர். அங்கேயே குழந்தைகள் வளர்வர். உறவினரான சில குடும்பத்தார் தத்தம் படகுகளோடு ஒன்றாகச் செல்வர். அப்படகுத் தொகுதியே ஓர் ஊர் எனலாம். ஊர்தான் நகர்ந்துகொண்டே இருக்கும்!

கபாங்கின் உறுப்புகளுக்கு மோக்கென் மொழியில் மனித உடலின் பெயர்களே வழங்குகின்றன. கழுத்து, கன்னம், தோள், விலா, வயிறு என்று படகு ஓர் உயிராகவே எண்ணப்படுகிறது. முன்னும் பின்னும் வெட்டப்பட்ட கவையான இடங்கள், உண்ணும் வாயையும் கழிக்கும் வாயையும் குறிக்கும் என்பர். இத்தகைய சொல்லாட்சி ஒரு படகைப் பற்றி மட்டும் பேசுவதன்று. அம்மக்கள் தம்மையும் தம் கலத்தையும் ஒன்றாகவே கருதினர் என்பதற்கு அது சான்று.

காற்றும் காலமும்

கரையோரமாக மெல்லச் செல்லும் வாழ்வுக்குக் காற்றே நாட்காட்டி. நமக்கு மழையைத் தரும் வடகிழக்குப் பருவக்காற்று, மலைகள் மறைக்கும் அந்தமான் கடலின் கீழ்க்கரைக்கு அமைதியான காலத்தைத் தருகிறது. ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான அக்காலத்தில் மோக்கென் குடும்பங்கள் படகிலேயே வாழ்ந்தன. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்ததும், காற்று மறைவான கரைகளில் தூண் நட்டுக் குடில் அமைத்துத் தங்கின. படகுகளைப் பழுது பார்த்தன. காற்று ஓய்ந்ததும் மீண்டும் புறப்பட்டன.

அவர்தம் செலவில் விரைவு இல்லை. விரைவுக்குத் தேவையும் இல்லை. ஒரு தீவின் அருகே சில நாள் தங்குவர்; அங்குச் சிப்பியும் மீனும் கடலட்டையும் போதிய அளவு எடுத்ததும் அடுத்த தீவுக்கு நகர்வர். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடல் மிகுதியாக வற்றும். அப்போது வெளிப்படும் பாறைகளிலும் மணற்பரப்பிலும் மகளிரும் சிறாரும் சிப்பி பொறுக்குவர். கடலட்டையையும் சங்கையும் வணிகரிடம் கொடுத்து அரிசி பெறுவர். சேர்த்து வைக்கப் படகில் இடம் இல்லை. ஆகவே வேண்டிய அளவே எடுப்பது அவர்தம் வழக்கமாயிற்று. ஓரிடத்தை விட்டு அகன்று நெடுநாள் கழித்துத் திரும்புவதால், அவ்விடம் மீண்டும் வளம் பெறவும் வழி ஏற்பட்டது.

உடல் கற்ற கல்வி

2003-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர் அன்னா யிஸ்லேன் குழுவினர் மோக்கென் சிறாரின் பார்வையை ஆராய்ந்தனர். நீருக்கடியில் ஐரோப்பியச் சிறாரைக் காட்டிலும் இருமடங்குக்கு மேல் தெளிவாக இவர்கள் காண்பது தெரியவந்தது. நீரில் மூழ்கியதும் நம் கண்பாவை விரியும். இச்சிறாரின் கண்பாவையோ சுருங்குகிறது. துளை சிறிதாகுந்தோறும் உருவம் தெளிவாகும் என்பது ஒளியியல் உண்மை. ஐரோப்பியச் சிறாருக்கும் பயிற்சி அளித்தபோது அவர்களும் இத்திறனைப் பெற்றனர் என்பது பின்னர் நடந்த ஆய்வின் முடிவு. ஆகவே இது பிறப்பினால் மட்டும் வந்த பேறன்று. பழக்கத்தால் பெற்ற கல்வி.

பஜாவ் மக்களைப் பற்றி 2018-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு மற்றொரு செய்தியைத் தருகிறது. மூச்சடக்கி மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, தன்னிடம் உள்ள குருதியணுக்களை உடலுக்கு அளிக்கும். இந்தோனேசியாவில் அண்டை நிலத்தில் வாழும் சலுவான் மக்களைவிடப் பஜாவ் மக்களின் மண்ணீரல் ஏறத்தாழ 50 விழுக்காடு பெரிது என்றும், மூழ்காத பஜாவ் மக்களிடத்தும் அவ்வாறே காணப்படுவதால் அது மரபுவழி வந்தது என்றும் அவ்வாய்வு கூறியது. ஒன்று பயிற்சியால் வந்தது. மற்றொன்று குருதிவழி வந்தது. இரண்டையும் அளித்த ஆசிரியர் கடலே.

ஆழிப்பேரலையும் முன்னோர் கதையும்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை நம் கரை மறவாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே நாளில் தாய்லாந்தின் சுரின் தீவுகளில் இருந்த மோக்கென் மக்கள் ஏறத்தாழ அனைவரும் உயிர் பிழைத்தனர். கடல் திடீரென உள்வாங்கியதைக் கண்ட முதியோர், அதன் பொருளை உணர்ந்து, 'ஓடுங்கள்' என்று கூவிக் குடிமக்களையும் அங்கிருந்த சுற்றுலாப் பயணிகளையும் மேட்டுக்கு அனுப்பினர். கடலில் இருந்தோர் சிலர் படகை ஆழ்கடல் நோக்கிச் செலுத்தினர். ஆழமான நீரில் பேரலையின் உயரம் குறைவு. கரையருகே ஆழம் குறையக் குறையத்தான் அது சுவர்போல் எழும். ஆகவே அவர்கள் செய்தது அறிவியலுக்கும் ஒத்ததே.

இதனை அவர்கள் எந்த நூலிலும் படித்தாரல்லர். 'லாபூன்' என்னும் மக்களை விழுங்கும் அலையைப் பற்றிய கதை அவர்களிடையே வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தது. கடல் வற்றினால் பேரலை வரும் என்பது அக்கதையின் செய்தி. நம்மில் பலர் அன்று வற்றிய கடலை வேடிக்கை பார்க்கவும் மீன் பொறுக்கவும் சென்றனர். அவர்களைக் குறை கூறலாகாது. அவர்களுக்கு அக்கதையைச் சொல்வார் இல்லை என்பதே உண்மை. வாய்மொழி இலக்கியம் பொழுதுபோக்குக்கு உரியது என்று எண்ணுவார் இந்நிகழ்ச்சியை நினைத்துப் பார்த்தல் நலம்.

முகவரி இல்லாதார்

இத்துணை அறிவு படைத்த மக்களின் இன்றைய நிலை இரங்கத்தக்கது. கடலுக்கு வேலி இல்லை; ஆனால் நாடுகளுக்கு எல்லை உண்டு. இன்றைய அரசுகள் மனிதனிடம் முதலில் கேட்பது முகவரியை. பிறந்த இடம் எது என்று கேட்டால், அலைமேல் பிறந்தவன் எந்த ஊரைச் சொல்வான்?

1981-ஆம் ஆண்டு சுரின் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. காட்டைக் காக்கவேண்டி மரம் வெட்டுதல் தடுக்கப்பட்டது. நோக்கம் நல்லதே; எனினும் பெருமரம் இன்றேல் கபாங் இல்லை. ஆழிப்பேரலைக்குப் பின் அத்தீவுகளின் மோக்கென் மக்கள் ஒரே கரையில் நெருக்கமாகக் குடியமர்த்தப்பட்டனர். 2019 பிப்ரவரியில் அங்குத் தீப்பற்றியபோது நெருங்கி நின்ற வீடுகளில் பெரும்பாலானவை எரிந்தன. மக்களுள் சிலருக்குத் தாய்லாந்துக் குடியுரிமை கிடைத்துள்ளது, பலருக்குக் கிடைக்கவில்லை.

மலேசியாவின் சபா மாநிலத்துச் செம்பூர்ணாவில் பஜாவ் மக்களின் 'லெப்பா' என்னும் அழகிய படகுக்கு 1994 முதல் விழா எடுக்கப்பட்டு வருகிறது. அதே செம்பூர்ணாவின் கடற்பூங்காவில் 2024 ஜூன் மாதம், நீரில் தூண் நட்டு எழுப்பிய பஜாவ் குடில்கள் அகற்றப்பட்டன, சில எரிக்கவும்பட்டன. 500-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர் என உரிமை அமைப்புகள் கூறின. பாதுகாப்பும் சட்டமும் கருதியே அவ்வாறு செய்ததாக அரசினர் விளக்கம் தந்தனர். இம்மக்களுள் பலர் இசுலாமியர். பலரிடம் எந்நாட்டுக் குடியுரிமைச் சான்றும் இல்லை. சான்று இன்மையால் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியும் எளிதில் வாய்ப்பதில்லை. படகைப் போற்றி விழா எடுக்கும் ஊரில் படகுக்கு உரியவன் அயலான் ஆவது எவ்வளவு பெரிய முரண்!

நமக்கு உரிய பாடம்

இச்செய்திகள் தொலைதூரத்தில் நிகழ்வன என்று ஒதுக்கிவிட இயலாது. மலாய் மொழியில் கலத்தைக் குறிக்கும் 'காப்பால்' என்னும் சொல் நம் 'கப்பல்' என்பதிலிருந்து சென்றது என்பர் மொழியறிஞர். அக்கடல்களோடு நமக்கு இருந்த உறவுக்கு அச்சொல்லே சான்று. கலம், வங்கம், நாவாய், தோணி, திமில், அம்பி, பஃறி என்று பல சொற்களை வைத்திருந்த மொழி நம் மொழி. கொண்டல் கீழ்காற்று, வாடை வடகாற்று, கச்சான் மேல்காற்று, சோழகம் தென்காற்று என இடத்துக்கு இடம் சிறிது வேறுபட்டு வழங்கும் காற்றின் பெயர்கள் இன்னும் நம் கரையில் உள்ளன. தூத்துக்குடித் தோணிகள் நெடுங்காலம் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. அவற்றின் மாலுமிகள் நாள்கணக்கில் தோணியிலேயே சமைத்து உண்டு வாழ்ந்தனர். எந்திரம் வந்தபின் பாய் சுருண்டது. பாயோடு அதுசார்ந்த சொற்களும் ஒவ்வொன்றாக மறைகின்றன. எந்திரத்தை வேண்டா என்பதன்று நம் கருத்து. சொல் மறையுமுன் அதனைப் பதிந்து வைப்பது தமிழ் பயில்வார் கடமை என்பதே கருத்து.

நிறைவுரை

மோக்கென் மக்களுக்கு வீடு கட்டித் தருவது எளிது. கடலைப் படிக்கும் அவர்தம் கல்வியை மீண்டும் கட்டித் தருவது அரிது. படகில் வாழ விரும்புவார் படகில் வாழவும், கரையில் வாழ விரும்புவார் குடிமக்களாய்க் கரையில் வாழவும் உரிமை வேண்டும். எழுத்தறியார் எல்லாம் கல்லாதார் அல்லர் என்பதை அவர்தம் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது. நம் மாணவர்களுள் கடற்கரை ஊர்களிலிருந்து வருவோர் பலர். விடுமுறையில் ஊர் செல்லும்போது, பாய்மரக் காலத்தை அறிந்த முதியோரிடம் அமர்ந்து, காற்றின் பெயர்களையும் படகின் உறுப்புப் பெயர்களையும் கடல் பற்றிய கதைகளையும் கேட்டு எழுதி வருவார்களாயின், அது தமிழுக்கும் தம் ஊருக்கும் ஆற்றும் சிறந்த தொண்டாகும். 2004-இல் ஒரு கதை பல உயிர்களைக் காத்தது. அவர்கள் எழுதிவரும் கதைகளுள் எது நாளை யாரைக் காக்கும் என்பதை யார் அறிவார்!