டாக்டருக்கு ஒரு சக்கர வியூகம்!

அடையாறில் கிளினிக் வைத்திருக்கும் என் நண்பருக்கு நோயாளிகளைக் கண்டு பயமில்லை. சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்களைக் கண்டால்தான் ஜுரம்!

டை கட்டிய இளைஞர் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து, ‘‘டோக்கன், பில், மருந்துச் சீட்டு எல்லாம் இதுலயே வந்துடும் ஸார்’’ என்பார். மறுநாள் இன்னொருவர் வந்து அதையே சொல்வார். டை கலர்தான் வேற!

‘‘நீ கம்ப்யூட்டர் ஆளாச்சே... எதை வாங்கலாம்?’’ என்றார் நண்பர். இரண்டு நாள் லீவு போட்டு அலசினேன்.

பார்த்தவரை இரண்டு ரகம். ஒன்று, சந்தா ரகம். 2008-ல் பெங்களூரில் ஆரம்பித்த ப்ராக்டோவின் ‘ரே’ இந்த வகை. இன்டர்நெட்டில் ஓடுவதால் கிளினிக்கில் சர்வர் வேண்டாம். இன்னொன்று, ஓப்பன் இ.எம்.ஆர்., பாம்னி போன்ற ஓப்பன் சோர்ஸ் ரகம். சாஃப்ட்வேர் இலவசம், நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். யானை இனாம், பாகன் சம்பளம் நம்ம தலையில்!

எது உசத்தி? அதை விளம்பர நோட்டீஸைவிட நம்ம ஊர் டிசம்பர் நன்றாகச் சொல்லும். 2015 வெள்ளத்தில் நண்பரின் பீரோவில் கீழ்த்தட்டு ஃபைல்கள் இட்லி மாவாகிவிட்டன. சரி, பேப்பர் வேண்டாம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் கரன்ட்டும் போச்சு, நெட்டும் போச்சு. சரி, சொந்த சர்வர்? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களையே சைபர் தாக்குதல் முடக்கிப் போட்டு, பல நாள் பேனா, பேப்பரில் வேலை நடந்தது!

ஆகவே நண்பருக்கு மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன்.

1. நெட் இல்லாதபோது பழைய விவரத்தைப் பார்க்க முடியுமா?

2. பேக்கப் யார் எடுக்கிறார்கள்? எடுத்ததைத் திரும்ப ஏற்றிக் காட்டுவார்களா?

3. அடுத்த வருஷம் உங்களை விட்டு விலகினால், நோயாளிகளின் விவரம் முழுசாக, வேறு சாஃப்ட்வேரில் ஏற்றுகிற மாதிரி கைக்கு வருமா?

மூன்றாவதுதான் முக்கியம். உள்ளே போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாத அபிமன்யு கதை ஆகிவிடக் கூடாதே! ‘பெனிசிலின் ஒத்துக்காது’ என்று பத்து வருஷம் முன்பு எழுதிய ஒரு வரி பூட்டிக்கொண்டால், போவது பணமில்லை... உயிர்!

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்டுகளைத் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002-ம் வருஷத்து விதி. 2021-ல் நாடு முழுக்க வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ‘ஆபா’ எண்ணோடு சாஃப்ட்வேர் இணைந்திருந்தால், நோயாளி சம்மதித்தால் விவரம் அடுத்த ஆஸ்பத்திரிக்கும் போகும். அதையும் கேளுங்கள் என்றேன்.

மூன்றாம் கேள்வியைக் கேட்டதும் முதல் டை, ‘‘ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் ஸார்’’ என்று கிளம்பியது. இரண்டாவது டை அங்கேயே ஐந்து பொய் நோயாளிகளைப் பதிந்து, எக்ஸெல்லில் இறக்கிக் காட்டியது. ஆர்டர் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

டாக்டரிடம் போகும் வாசகரே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை, ‘‘என் ரெக்கார்டு ஒரு காப்பி கொடுங்க டாக்டர்’’ என்று கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டி என்பது அப்போதே தெரிந்துவிடும்!