நைட் ஷிப்ட் உடலும் பகல் தூக்கமும்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் விடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து சிலர் இறங்குகிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள். வீட்டுக்கு வந்து படுத்தால், "பகலெல்லாம் தூங்குறான்" என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சு அநியாயம். அந்தத் தூக்கத்தில்தான் உடல் தன்னைப் பழுதுபார்க்கப் பார்க்கிறது. அதுவும் பாதி வசதியோடு.

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா உணவை ஆற்றலாக்கும்போது, ஆக்சிஜனில் சிறு பங்கு எதன்மீதும் பாயும் மூலக்கூறுகளாக மாறுகிறது. அடக்க முடியாத அளவு அவை பெருகுவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம். டிஎன்ஏவும் தப்புவதில்லை. சிதைந்த பகுதியைப் பழுதுநீக்கும் நொதிகள் வெட்டியெடுக்கின்றன. வெட்டிய துண்டு சிறுநீரில் வெளியேறுகிறது. ஆகவே சிறுநீரில் அது குறைந்தால் மகிழ முடியாது, வேலை நடக்கவில்லை என்றும் பொருள் இருக்கலாம்.

அமெரிக்காவின் சியாட்டிலில் பர்வீன் பட்டி குழுவினர் இரவுப்பணி செய்யும் 50 பேரிடம் இதை அளந்து 2017இல் வெளியிட்டார்கள். இரவில் தூங்கியபோது இருந்த அளவில் ஐந்தில் ஒரு பங்குதான் இரவு வேலையின்போது வெளியேறியது. இருட்டில் சுரக்கும் மெலட்டோனின் குறைந்ததால் பழுதுநீக்கம் மந்தமானது என்பது அவர்கள் விளக்கம்.

தூக்கத்துக்கும் இந்தப் பழுதுக்கும் உள்ள உறவை இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் லியோர் அப்பல்பாம் குழு வரிக்குதிரை மீனில் கண்டது. நம் நாட்டு ஓடைகளில் திரியும் சின்ன மீன்தான் அது. விழித்திருக்கும்போது அதன் நரம்புச் செல்களில் டிஎன்ஏ முறிவுகள் சேர்கின்றன. பார்ப்1 என்ற புரதம் முறிவுகளை அடையாளம் கண்டு, தூக்கத்தையும் வரவழைக்கிறது. அந்த மீனுக்கு ஆறு மணி நேரத் தூக்கம் சேதத்தைக் குறைக்கப் போதுமானதாக இருந்தது. இது 2021இல் வெளியான முடிவு.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும், மறுபடி 2019இலும், இரவு ஷிப்டைப் 'புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. உறுதியான தீர்ப்பு இல்லை, அலட்சியப்படுத்தக் கூடியதும் இல்லை.

சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே பகல் தூக்கம் கடினம். ஜன்னலுக்குக் கனத்த துணி, மின்விசிறி, அணைத்த டிவி, வாசலில் சத்தம் போடாத பிள்ளைகள்: இவற்றை வீட்டார் தரலாம். ஆனால் வாராவாரம் ஷிப்ட் மாறினால், உடல் ஒன்றுக்குப் பழகும் முன்பே அடுத்தது வந்துவிடும். அந்த அட்டவணையை நிர்வாகமும் தொழிலாளரும் உட்கார்ந்து பேசித்தான் மாற்ற வேண்டும்.