‘பெட் ரெஸ்ட்’ எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆய்வுகள் சொல்லும் உண்மை!

1966-ம் ஆண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரம். சுமார் 20 வயதுள்ள ஐந்து இளைஞர்கள் கட்டிலில் படுக்கவைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு எந்த நோயும் இல்லை, அடியும் படவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்... 20 நாள்கள் எழுந்து நடமாடக் கூடாது.

படுக்கையிலிருந்து எழுந்ததும் அவர்களைப் பரிசோதித்தார்கள். கடுமையாக உழைக்கும்போது ஒருவரின் உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதுதான் இதயம், நுரையீரல், தசைகளின் மொத்தத் திறனுக்கு அளவுகோல். அது நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பிறகு எட்டு வாரங்கள் பயிற்சி கொடுத்துத்தான் அதை மீட்டார்கள்.

30 ஆண்டுகள் கழித்து, 50 வயதைத் தொட்டிருந்த அதே ஐந்து பேரையும் மீண்டும் சோதித்தார்கள். எடை கூடியிருந்தது, வயதும் ஏறியிருந்தது. ஆனாலும், அந்த மூன்று வாரப் படுக்கைக்குப் பிறகு இருந்த நிலையைவிட மோசமாக ஒருவர்கூட இல்லை. 30 வருட முதுமை செய்யாததை மூன்று வாரக் கட்டில் செய்திருந்தது!

படுக்கையே மருந்தாக இருந்த காலம்

காய்ச்சல், அடிபட்ட காயம், ஆபரேஷன், முதுகுவலி... எது வந்தாலும் ‘அசையாமல் படுத்திரு’ என்பதுதான் நெடுங்காலமாக முதல் சிகிச்சை. மாரடைப்பு வந்தவர்களை நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை படுக்கவைத்திருந்தார்கள். சாப்பாடு ஊட்டிவிட வேண்டும், இயற்கை உபாதைகளும் படுக்கையிலேயே.

1947-ல் லண்டன் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையின் ஆபத்துகளைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை எழுதினார். கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறைவது, படுக்கைப்புண், எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து வெளியேறுவது, தசை சுருங்குவது என எல்லாவற்றுக்கும் படுக்கையும் ஒரு காரணம் என்றார். 1952-ல் அமெரிக்க இதயநோய் நிபுணர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். மாரடைப்பு வந்த 81 பேரைப் படுக்கவைக்காமல், சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துக் கவனித்த தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். நோயாளியை உட்காரவைப்பதே கொலைக்குச் சமம் என்று கருதப்பட்ட காலம் அது!

1999-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், 15 விதமான உடல்நலப் பிரச்னைகளில் பெட் ரெஸ்ட்டைப் பரிசோதித்த 39 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். படுத்திருந்ததால் குறிப்பிடத்தக்க அளவு நன்மை கிடைத்ததாக எதிலும் தெரியவில்லை. சிலவற்றில் நிலைமை மோசமாகியிருந்தது.

முதுகுவலிக்கு எது மருந்து?

1995-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பின்லாந்தின் ஹெல்சின்கியில் திடீர் முதுகுவலியோடு வந்த 186 மாநகராட்சி ஊழியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் முழு ஓய்வு. இன்னொரு குழுவுக்கு முதுகுக்கான பயிற்சிகள். மூன்றாவது குழுவிடம், ‘வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள்’ என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது அந்த மூன்றாவது குழுதான். படுத்திருந்தவர்கள்தான் தேறுவதற்கு அதிக நாள் எடுத்துக்கொண்டார்கள்.

கணுக்கால் சுளுக்கிலும் இதே கதைதான். ஐஸ் வைத்து, கட்டுப்போட்டு, காலைத் தூக்கிவைத்து ஓய்வெடுப்பதோடு நிறுத்தாமல், முதல் வாரத்திலேயே மெதுவான பயிற்சிகளையும் தொடங்கியவர்கள், முதல் இரண்டு வாரங்களில் காலை நன்றாகப் பயன்படுத்த முடிந்தது என்று 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது.

காரணம் எளிதானது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்துவிட்டால் அந்த பம்ப் நின்றுவிடுகிறது. ரத்தம் தேங்கி உறையும் வாய்ப்பு கூடுகிறது. மூச்சும் ஆழமாகப் போகாததால் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தங்குகிறது. வேலையில்லாத தசை நாளுக்கு நாள் இளைக்கிறது.

ஐ.சி.யூ-வில்கூட உடற்பயிற்சியா?

வென்டிலேட்டரில் இருப்பவரை எழுப்பி உட்காரவைக்க முடியுமா? முடியும் என்று 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 104 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு, தினமும் மயக்க மருந்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, அந்த இடைவெளியில் கை கால் அசைப்பது, உட்காருவது, நிற்பது எனப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்றவற்றைத் தாங்களே செய்துகொள்ளும் நிலைக்கு அந்தக் குழுவில் 59 சதவிகிதம் பேர் திரும்பியிருந்தார்கள். மற்ற குழுவில் 35 சதவிகிதம்தான்.

ஆனால், அளவு மிஞ்சினால்?

‘அசைவு நல்லது என்றால், இன்னும் சீக்கிரமாக, இன்னும் அதிகமாகச் செய்யலாமே?’ என்ற கேள்வி எழும். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் ஐந்து நாடுகளில், பக்கவாதம் வந்த 2,104 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு அது. ஒரு குழுவை 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் பயிற்சி கொடுத்தார்கள். 2015-ல் வந்த முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் அந்தக் குழுவில் 46 சதவிகிதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50 சதவிகிதம். பிறகு நடந்த அலசலில், ஒரேயடியாக நீண்ட நேரம் செய்வதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை எழுந்தவர்களே தேறியிருந்தது தெரிந்தது.

ஐ.சி.யூ நோயாளிகளிடமும் 2022-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 750 பேரில், வழக்கத்தைவிடக் கூடுதல் பயிற்சி பெற்றவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ரத்த அழுத்தம், இதயத்துடிப்பு மாறுவது போன்ற சிக்கல்கள்தான் அதிகமாகின.

இந்தியாவிலும் ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. இங்கே பக்கவாதம் வந்தவர்களைப் பெரும்பாலும் வீட்டில் மனைவியோ, மகளோ, மருமகளோதான் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டில் சிகிச்சையைத் தொடரவைத்தால் என்ன? 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களுமாக இரண்டு குழுக்களிலும் 47 சதவிகிதம்தான். வீட்டாரின் அக்கறையை மட்டும் நம்பி, இந்த முழுப் பாரத்தையும் அவர்கள் தலையில் வைத்துவிட முடியாது என்பதைத்தான் 2017-ல் வந்த இந்த முடிவு உணர்த்துகிறது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

* டாக்டர் ‘ரெஸ்ட் எடுங்க’ என்றால், எத்தனை நாள், எந்த அளவுக்கு என்று கேளுங்கள். உட்காரலாமா, பாத்ரூமுக்கு நடந்து போகலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

* பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியில் எதை, எத்தனை முறை, எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று நீங்களாகக் கூட்டாதீர்கள்.

* எலும்பு முறிவு என்ற சந்தேகம், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், முதுகுவலியோடு கால் மரத்துப்போவது அல்லது சிறுநீர், மலத்தை அடக்க முடியாமல் போவது... இவை இருந்தால் பயிற்சியும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

‘நீங்க எழுந்திருக்க வேணாம், நாங்க பார்த்துக்குறோம்’ என்று சொல்வது பாசம்தான். ஆனால் டாக்டர் அனுமதித்த பிறகு, பக்கத்தில் நின்று கைகொடுத்து, வாசல்வரை நான்கு அடி நடக்கவைப்பது அதைவிடப் பெரிய பாசம்!