சுவரில் ஒரு முக்கண்ணன்

எங்கள் வீட்டுச் சமையலறையில் முட்டைகூட உடைத்தது கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில், ஐப்பசி மாதத்து அடைமழையில் ஒரு நாள் காலை, கருவாடு சுடுவதுபோல ஒரு வாசனை கிளம்பியது.

"என்னம்மா இது, மீன் நாத்தம் அடிக்குது?" என்று பூஜை அலமாரியின் முன்னால் உட்கார்ந்திருந்த என் மாமியார் மூக்கைச் சுளித்தார்.

மழைக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தோம். ஆகவே கீழ்வீட்டின்மேல் பழி போடவும் வழியில்லை. என்றாலும் என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே, "கீழ்வீட்டுச் சமையலாக இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் பூனை ஏதாவது கொண்டுவந்து போட்டிருக்குமோ என்று பரணையெல்லாம் தேடினேன். ஊதுபத்தி ஏற்றி வைத்தேன். அரை மணி நேரத்தில் வாசனை போய்விட்டது. மறுநாள் காலையில் திரும்ப வந்தது. மூன்றாம் நாளும் வந்தது.

மூன்றாம் நாள்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. காஸ் ஸிலிண்டர் தீர்ந்துபோய், அந்த ஒரு வாரமாக இண்டக்ஷன் அடுப்பில் சமையல் நடந்துகொண்டிருந்தது. அடுப்பில் பால் ஏறியதும் வாசனை வருகிறது. அடுப்பை அணைத்ததும் போய்விடுகிறது. பாலையும் அடுப்பையும் முகர்ந்து பார்த்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, சுவரில் செருகியிருந்த பிளக்கைத் தொட்டேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். அப்பொழுதுதான் இறக்கிய தோசைக்கல்லைத் தொட்டதுபோல இருந்தது!

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தான். மெயினை அணைத்துவிட்டுப் பிளக் பாயிண்டைக் கழற்றி வெளியே இழுத்தான். "இதைப் பாருங்கம்மா" என்று என் கையில் கொடுத்தான். வெள்ளையாக இருக்கவேண்டிய முதுகுப்புறம் ஒரு பக்கம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. அந்தப் பக்கத்து ஒயரின் மேலுறை பொரித்த அப்பளம்போல நொறுங்கிக் கொட்டியது. உள்ளே செம்புக் கம்பி கறுத்துப்போயிருந்தது. அந்தப் பாயிண்டுக்கு ஒரு முழம் மேலேதான் பழைய செய்தித்தாள் விரித்த மர அலமாரி. அதில் நல்லெண்ணெய் டின். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியாரின் கட்டில்.

"இன்னும் ஒரு பத்து நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவன், கட்டிலைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை.

"ஏம்ப்பா, எம்.ஸி.பி. விழவே இல்லையே? அது எதற்கு இருக்கிறது?" என்று என் கணவர் குறுக்கு விசாரணை செய்தார். கேட்கவேண்டிய கேள்விதான். நாம் எல்லோரும் ஆபத்து வந்தால் மீட்டர் பெட்டியில் இருக்கும் எம்.ஸி.பி. 'டக்'கென்று விழுந்து காப்பாற்றிவிடும் என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். அது விழுவது அளவுக்குமேல் கரண்ட் ஓடினால்தான். எங்கள் அடுப்பு 2,000 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். அந்தப் பாயிண்டின் முகத்திலோ '16 ஆம்பியர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கணக்குப்படி எல்லாம் சரி. எம்.ஸி.பி.யின் பேரில் ஒரு குற்றமும் இல்லை. எர்த் கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.ஸி.ஸி.பி. என்ற கருவியும் இந்தச் சமயத்தில் பேசாமல்தான் இருந்திருக்கும். அதன் வேலை வேறு.

குற்றவாளி, ஸாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டைதான். பிளக்கின் பின்னை அது இறுகக் கவ்விப் பிடிக்கவேண்டும். பிடி தளர்ந்தால் பின்னுக்கும் பட்டைக்கும் நடுவே கரண்ட் தாண்டுவதற்குக் கஷ்டப்படுகிறது. கஷ்டப்படுகிற இடத்தில் சூடு உண்டாகிறது. அந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே, எங்கள் அடுப்பு இழுக்கும் கரண்டுக்கு ஏழு, எட்டு வாட் சூடு பிறக்கும். எட்டு வாட் பிரமாதமா என்று கேட்கலாம். ஒரு எல்.இ.டி. பல்பின் அளவுதான். ஆனால் அவ்வளவு சூடும் மிளகளவு இடத்தில், மூடிய பெட்டிக்குள், காற்றுப் படாமல் சேருகிறது. சூட்டினால் பட்டையின் வில்தன்மை இன்னும் தளரும். தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும். கந்துவட்டிக்காரன் கணக்குப்போல வளர்ந்துகொண்டே போகும்.

அந்த மீன் வாசனைக்கும் காரணம் தெரிந்தது. ஸ்விட்ச், பிளக் சாமான்களை யூரியா ஃபார்மால்டிஹைட் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் வார்ப்பதுண்டு. அது அளவு மீறிக் காய்ந்தால் மீன் வாசனை வரும். சகோதரிகளே, இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: காரணம் தெரியாமல் வீட்டில் மீன் வாசனை வந்தால், பூனையைத் தேடுவதற்குமுன் பிளக் பாயிண்டுகளைத் தேடுங்கள். மீன் சமைக்கிற வீட்டுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கூர்மையான மூக்கோடு இருக்கவேண்டியதுதான்!

எங்கள் பங்குத் தவறையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன் இந்த வீட்டைப் புதுப்பித்தபோது, தரைக்கு டைல்ஸ் வாங்க ஆறு கடை ஏறி இறங்கினோம். சமையல் மேடைக்குக் கருங்கல் பார்க்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பிளக் பாயிண்ட்? "நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்கள்" என்று மேஸ்திரியிடம் விட்டுவிட்டோம். நான் கேட்ட ஒரே கேள்வி, "வெள்ளைதானே? சுவர் நிறத்துக்குப் பொருந்துமா?" என்பதுதான். நல்ல ஸாக்கெட்டுக்கும் மட்டமானதற்கும் வித்தியாசம் ஒரு நாள் ஹோட்டல் டிபன் செலவு இருக்கும், அவ்வளவே.

இந்தத் தடவை நானே பாரிமுனைக்குப் போனேன். எலெக்ட்ரீஷியன் தம்பியும் கூட வந்தான். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது தங்கக் கரை போட்ட தட்டுகளை. "அது இருக்கட்டும், முதுகைக் காட்டுங்கள்" என்றேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி முகத்தைப் பார்த்து வாங்குகிற சாமான் இல்லை இது. விஷயமெல்லாம் முதுகில்தான் இருக்கிறது.

முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதன் தலைமேல் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். பிளக்குக்கும் ஸாக்கெட்டுக்கும் உரிய தர எண் ஐ.எஸ். 1293. ஸ்விட்சுக்கு 3854. ஒயருக்கு 694. முத்திரைக்குக் கீழே 'ஸி.எம்./எல்.' என்று ஆரம்பிக்கும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். 1947-ல் ஏற்பட்ட இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம், 1987-ல் 'இந்தியத் தர நிர்ணய அமைவனம்' என்று மாறிவிட்டது. முத்திரையின் பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது. அந்த அமைவனத்தாரின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால், உரிம எண்ணைப் போட்டு அது மெய்யா, பொய்யா, யாருக்குக் கொடுத்தது என்று கடையிலேயே பார்த்துவிடலாம். நான் எண்ணைத் தட்ட ஆரம்பித்ததும், மேசைமேல் இருந்த இரண்டு பெட்டிகளைக் கடைப்பையன் தானாகவே எடுத்து உள்ளே வைத்துவிட்டான்!

அடுத்தது கவ்வும் பட்டை. வீட்டிலிருந்து ஒரு பதினாறு ஆம்பியர் பிளக்கைக் கையோடு எடுத்துப் போங்கள். செருகிப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தித்தான் உள்ளே போகவேண்டும். செருகிய பின் ஆடக்கூடாது. பத்துத் தடவை போட்டு எடுத்த பிறகும் அதே பிடி இருக்கவேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கினால் வேண்டவே வேண்டாம். பட்டை பித்தளையாகவோ, பாஸ்பர் பிரான்ஸாகவோ இருப்பது உத்தமம். மட்டச் சரக்கில் இரும்புத் தகட்டுக்குப் பித்தளை முலாம் பூசிவிடுகிறார்கள். அதற்கு என் கணவர் ஒரு யுக்தி கண்டுபிடித்தார்: ரெப்ரிஜிரேட்டர் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மை! பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஆனால் திருகாணியும், பட்டையை அழுத்தும் சுருள்வில்லும் எஃகாக இருக்கலாம். அங்கே ஒட்டியதைப் பார்த்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடக்கூடாது. எங்கள் சுவரிலிருந்து கழற்றியதில், பட்டையிலேயே பொம்மை 'பட்'டென்று ஒட்டிக்கொண்டது.

ஆம்பியர் விஷயத்தில் அநேகம் பேர் ஏமாறுகிறார்கள். முன்பு 5, 15 என்று இருந்தவை இப்போது 6, 16. சின்ன பாயிண்ட் தாங்குவது 1,380 வாட். பெரியது 3,680 வாட். மிக்ஸி, கிரைண்டர், சாதாரண இஸ்திரிப் பெட்டி, டெலிவிஷன் எல்லாம் சின்னதில் அடங்கிவிடும். கெய்ஸர், ஏர்கண்டிஷனர், இண்டக்ஷன் அடுப்பு, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றுக்குப் பெரியதுதான். வெந்நீர்க் கெட்டில் ஒரு கள்ளன். பார்க்கச் சின்னதாக இருக்கும், அடியில் 1,500 வாட் என்று எழுதியிருக்கும். பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்டில் மாட்டுவதற்கென்று கடைகளில் 'கன்வர்ட்டர்' என்று ஒன்று விற்கிறார்களே, அதைக் கெய்ஸருக்கோ அடுப்புக்கோ மாட்டுவது, குழந்தையின் தலையில் நெல் மூட்டையை ஏற்றுகிற காரியம். அவ்வாறே எந்த ஊர் பிளக்கும் போகும் என்று வாயை அகலத் திறந்துகொண்டிருக்கும் 'யூனிவர்ஸல்' ஸாக்கெட்டும் கனத்த சாமான்களுக்கு உதவாது. எல்லோருக்கும் இடம் கொடுப்பது ஒருவரையும் இறுகப் பிடிக்காது.

நம் உருண்டைப் பின்களுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1934-ல் வந்த பிரிட்டிஷ் தர விதி 546-ன் வழியாக வந்தவை இவை. 1947-ல் அவர்கள் உள்ளேயே ஃப்யூஸ் வைத்த சதுரப் பின் பிளக்குக்கு விதி செய்து அதற்கு மாறினார்கள். நாம் உருண்டையையே வைத்துக்கொண்டோம். லண்டனிலிருந்து வந்த நாத்தனார் தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றுவதற்கு இதுதான் காரணம்.

மூன்று துவாரங்களில் மேலே இருக்கும் பெரியதைக் கவனியுங்கள். நெற்றிக்கண் எரிக்கும் என்பது புராணம். இந்த முக்கண்ணனுக்கோ நெற்றிக்கண்தான் காப்பாற்றுகிற கண். அதுதான் எர்த். அதில் செருகும் பின் மற்ற இரண்டையும்விட நீளம். செருகும்போது முதலில் சேர்ந்து, எடுக்கும்போது கடைசியில் பிரியும். கரண்ட் வருவதற்கு முன்னாலேயே காவல் வந்து நிற்கிறது. அந்தப் பின்னை ஒடித்துவிட்டு உபயோகிக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எர்த் துவாரத்துக்குப் பின்னால் பச்சை ஒயர் உண்மையிலேயே போகிறதா, அல்லது துவாரம் வெறும் அலங்காரமா என்பதையும் எலெக்ட்ரீஷியனைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீழ் இரண்டு துவாரங்களுக்கும் உள்ளே 'ஷட்டர்' என்ற மூடி வைத்த ஸாக்கெட்டாகவே வாங்குங்கள். அநேகமாக எர்த் பின் உள்ளே போய்த் தள்ளினால்தான் அது திறக்கும். கொண்டை ஊசியும் கையுமாகத் தவழ்கிற பேரக்குழந்தை வீட்டில் இருந்தால் நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை.

நல்ல சாமான் வாங்கிவிட்டு, மாட்டும்போது கோட்டைவிடுவதும் உண்டு. ஒயர் இழைகள் துவாரத்தில் நுழையவில்லை என்று நாலு இழையைக் கத்தரித்துவிட்டு மாட்டுகிற கைகள் இருக்கின்றன. பக்கத்தில் நின்று பாருங்கள். பதினாறு ஆம்பியர் பாயிண்டுக்குச் செம்பு ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கெய்ஸருக்கும் ஏர்கண்டிஷனருக்கும் 4 போடுவது நல்லது. திருகாணி இறுகியிருக்கிறதா என்று ஒயரை ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டி முடிந்ததும் டெஸ்டரை வைத்தால், எர்த் மேலே இருக்க, வலது துவாரத்தில் விளக்கு எரியவேண்டும். ஸ்விட்சை அணைத்தால் எங்கும் எரியக்கூடாது. அணைத்த பிறகும் எரிந்தால் ஒயர் மாறிவிட்டது என்று அர்த்தம். தம்பியைப் படியிறங்க விடாதீர்கள்!

எங்கள் தம்பி நல்ல பையன். சமையலறையில் மூன்று, குளியலறைக்கு வெளியே ஒன்று, ஆக நான்கு பாயிண்டுகளை ஒரே பகலில் மாற்றினான். அலமாரிக்கு அடியில் இருந்ததை அங்கிருந்தே பெயர்த்து, அடுப்புக்கும் தொட்டிக்கும் எட்டாத மூலைக்குக் கொண்டுபோனான். நல்லெண்ணெய் டின் எதிர்ச் சுவருக்குப் போயிற்று.

காஸ் ஸிலிண்டர் வந்துவிட்டது. ஆனாலும் பால் மட்டும் இண்டக்ஷனில்தான் காய்கிறது. அடுப்பை அணைத்ததும் என் மாமியார் எழுந்து வந்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோலப் பிளக்கின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். "சுடலை" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஹாலில் ஏர்கண்டிஷனர் பாயிண்ட் ஒன்று பாக்கி. தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.