மருந்தும் மன்றாட்டும்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒருநாள், காலைத் திருப்பலி முடிந்து நாம் பங்கு இல்லத்திற்குத் திரும்புகையில், தாய் ஒருவர் தம் எட்டு வயது மகனைக் கைப்பிடித்தவாறு வாயிலில் நின்றிருந்தார். சிறுவனின் தலையில் ஒரு முடிகூட இல்லை. "வழியெல்லாம், வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டீர்களா என்று கேட்கிறார்கள், சாமி. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் பாவமல்லவா?" என்றார்.

சிறுவனுக்கு இரத்தப் புற்றுநோய். சிகிச்சை தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. முடி உதிர்ந்தது மருந்தினால். அன்று அவர் வந்தது நன்றித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்க. "புற்றணு ஒன்றும் தெரியவில்லையாம், சாமி" என்று கண்ணீர் மல்கச் சொன்னார். நாமும் அகமகிழ்ந்தோம். ஞாயிறு திருப்பலியில், மாதாவின் பரிந்துரையால் இக்குழந்தை முற்றிலும் குணம் பெற்றதென்று பீடத்திலிருந்தே அறிவித்தோம். இக்கட்டுரையை நாம் எழுத நேர்ந்தது அந்த அறிவிப்பினால்தான்.

அடுத்த ஊசிக்குக் குறித்த நாளில் தந்தை பிள்ளையை அழைத்துச் செல்லவில்லை. அவர் கொத்தனார். ஒருமுறை நகரத்து மருத்துவமனைக்குப் போய்வந்தால் இரண்டு நாள் கூலி போய்விடும். கடனும் ஏறியிருந்தது. "சாமியே குணமாகிவிட்டது என்று சொன்ன பிறகு, இன்னும் மருந்து கொடுத்தால் ஆண்டவரை நம்பாதது போலாகாதா?" என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். பதினைந்து நாள் கழித்து அத்தாய் நம்மிடம் ஓடிவந்தார். நாம் வெட்கினோம். மறுநாளே அவர்களுடன் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம்.

இளம் மருத்துவர், கடிந்துகொள்ளவில்லை. பொறுமையாக விளக்கினார். முதல் மாத மருந்தில் புற்றணுக்கள் சோதனைக்கு எட்டாத அளவுக்குக் குறைகின்றனவேயன்றி அழிந்துவிடுவதில்லை. எலும்பு மஜ்ஜையில் பதுங்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரிலும் பதுங்கும். எனவேதான் முதுகில் ஊசி. எனவேதான் இரண்டு, மூன்று ஆண்டுகள் விடாத சிகிச்சை. நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். திரும்பிய நோய் முன்னிலும் பிடிவாதமானது. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இந்த வகையில், மருத்துவ வசதி மிகுந்த நாடுகளில் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்றும் கூறினார். தந்தை தலை கவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சிறுவனின் நரம்பில் ஏறிய மருந்து வின்கிறிஸ்டின். நித்திய கல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. சுடுகாட்டு மல்லி என்று நம்மவர் முகம் சுளிக்கும் அதே செடிதான்! நமது கல்லறைத் தோட்டத்தில் எத்தனையோ அடக்கச் சடங்குகளில் அதன்மீதே நடந்திருக்கிறோம். முதுகில் செலுத்தும் மெத்தோட்ரெக்சேட் உருவான ஆய்வை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இத்தகைய மருந்தைச் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, சிலருக்கு நோய் அடங்கியது, அதுவும் சிறிது காலத்திற்கே. அக்குழந்தைகளின் பெற்றோர் பெறாததை நம் கொத்தனார் பெற்றிருக்கிறார். திரும்பும் பேருந்தில் இதையெல்லாம் அவரிடம் சொன்னோம். மருந்து மண்ணில் முளைப்பது ஆண்டவர் செயலே என்று சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் கூறுவதையும் சொன்னோம். அவர் பதில் பேசவில்லை. ஆயினும் அன்றுமுதல் ஒரு நாளும் தவறவில்லை.

அடுத்த ஞாயிறு அதே பீடத்தில் நின்று நம் தவற்றைத் திருத்தினோம். இலகுவாக இருக்கவில்லை.

தாயின் துன்பம் வேறு. தகப்பன் குடித்த பாவம் பிள்ளையைப் பிடித்தது என்று அயல்வீட்டார் ஒருவர் சொல்லிவிட்டார். பிறவிக் குருடனைக் கண்டு சீடர் கேட்ட கேள்வி இன்னும் நம் தெருக்களில் உலவுகிறது. ஆண்டவர் அதற்கு அன்றே மறுப்புச் சொன்னார் என்பது மட்டும் நினைவிருப்பதில்லை. "செபமாலை சொல்ல உட்கார்ந்தால் பாதி மந்திரத்தில் வாய் நின்றுவிடுகிறது, சாமி. மாதாமேல் கோபம்கூட வருகிறது" என்றார் அத்தாய். கோபத்தையும் மாதாவிடமே சொல்லுங்கள், மீதி மந்திரத்தை மரியாயின் சேனையார் சொல்லி முடிப்பார்கள் என்றோம். யாயீரின் மகளை எழுப்பிய பின் ஆண்டவர் பெற்றோரிடம் கேட்டது நீண்ட செபத்தை அன்று. சிறுமிக்கு உணவு கொடுக்கச் சொன்னார். இத்தாய் ஒவ்வோர் இரவும் மாத்திரையை எண்ணி எடுத்துக் கொடுத்து, வாந்தி எடுத்தால் துடைத்து, கொதிக்கவைத்த நீரை ஆற்றித் தருவதை நாம் செபம் என்றே கொள்கிறோம்.

வெள்ளணுக்கள் குறைந்திருக்கையில் கூட்டம் ஆகாது. ஆகவே மே மாதத்தில் சிறுவன் மற்றப் பிள்ளைகளோடு புதுநன்மை வாங்கவில்லை. வெள்ளணுக்கள் ஏறிய பிறகு, ஒரு வாரநாள் அதிகாலைப் பூசையில், பாட்டியும் பெற்றோரும் மட்டும் சூழ்ந்திருக்க வாங்கினான். சளி, காய்ச்சலோடு பார்க்கப் போகும் அன்பர்கள் அன்பைச் சன்னலுக்கு வெளியே நின்று காட்டுவது நலம்.

இப்போது வீட்டிலேயே மாத்திரை, இடையிடையே மருத்துவமனை. இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. என்ன நேருமென்று நாம் அறியோம். இம்முறை பீடத்திலிருந்து எதையும் அறிவிக்கவில்லை.

சென்ற வாரம் அத்தாய் வந்திருந்தார். சிகிச்சை முடிந்ததும் வேளாங்கண்ணியில் மகனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டாராம். "அன்று சொன்ன பொய்யைச் சரிசெய்ய வேண்டுமே, சாமி" என்றார். பையன்தான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதுதானே முடி வளர்ந்திருக்கிறது என்கிறான்.