சாயங்காலம் வந்தவனுக்கும் அதே கூலி

பீடோங்கை அடுத்த ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் லயத்தில் எங்களுடையது ஐந்தாவது வீடு. ஆறாவது வீட்டில் இருந்தவரை எல்லாரும் ‘வேதக்காரப் பாட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு அங்கே போகும்; கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக் கேக் இங்கே வரும்.

சம்பள நாள் என்றால் லயத்து வாசலில் பேச்சு சூடாக இருக்கும். யாருக்கு எத்தனை நாள் பதிவானது, கிராணியார் யார் கணக்கில் எதைக் குறைத்தார் என்று ஆளாளுக்கு ஒரு குறை. அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் பாட்டி இந்தக் கதையைச் சொன்னார்.

ஒரு திராட்சைத் தோட்ட முதலாளி. விடியற்காலையில் ஆள்களைப் பிடித்து, ஒரு நாள் கூலி பேசி வேலைக்கு அனுப்புகிறார். ஒன்பது மணிக்குக் கடைத்தெருப் பக்கம் போனால் இன்னும் சிலர் நிற்கிறார்கள், அவர்களையும் அனுப்புகிறார். பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அப்படியே. ஐந்து மணிக்குப் போகும்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, கடைசியில் வந்தவர்களிலிருந்து கூலி கொடுக்கச் சொல்கிறார். ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கு முழு நாள் கூலி! விடியலில் வந்தவர்கள் தங்களுக்குக் கூட வரும் என்று காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே ஒரு நாள் கூலிதான்.

அங்கிருந்த தண்டலுக்குக் கோபம் வந்துவிட்டது. “இது எந்த ஊரு நியாயம் பாட்டி? பெரட்டுக்கு வந்தவனும் சாயங்காலம் வந்தவனும் ஒண்ணா?”

பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “வேலை ஒண்ணு இல்ல தம்பி. ஆனா அவன் புள்ளைக்கும் அதே பசிதானே?”

அன்று எனக்குப் பாதிதான் புரிந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்த நூலை நானே படித்தபோதுதான், பாட்டி சொன்ன ஒற்றை வரி அதன் நடுநரம்பைத் தொட்டது என்று தெரிந்தது.

இருபத்தேழு சிறு நூல்கள்

கிறிஸ்தவர்களின் வேதம் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. முதல் பகுதியான பழைய ஏற்பாடு யூதர்களுடைய வேதத்திலிருந்து வந்தது. பின்னால் எழுந்தது புதிய ஏற்பாடு. இங்கே ‘ஏற்பாடு’ என்பதற்கு உடன்படிக்கை என்று பொருள். கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே புதிதாக ஏற்பட்ட உறவு என்று விளங்கிக்கொள்ளலாம்.

பார்வைக்கு ஒரே புத்தகமாக இருந்தாலும் அதற்குள் 27 நூல்கள். இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நற்செய்தி நூல்கள் 4. முதல் சீடர்களின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் பணிகள் 1. கடிதங்கள் 21. கடைசியில் உருவகங்கள் நிறைந்த வெளிப்பாடு 1. இவற்றுள் பெரும்பாலானவை கி.பி. 50-க்கும் 100-க்கும் இடையில் எழுதப்பட்டவை என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. எழுதப்பட்ட மொழி கிரேக்கம். பண்டிதர்களின் பழைய கிரேக்கம் அன்று. சந்தையிலும் துறைமுகத்திலும் பேசப்பட்ட கிரேக்கம்.

நம்மில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த நூல்களில் மிகப் பழையவை நற்செய்தி நூல்கள் அல்ல, பவுல் எழுதிய கடிதங்கள். ஊர் ஊராகச் சிறு குழுக்களாக இருந்தவர்களுக்கு அவர் எழுதினார். அந்தக் குழுக்களில் வசதி படைத்தவர்களும் இருந்தார்கள், கைவினைஞர்களும் இருந்தார்கள், அடிமைகளும் இருந்தார்கள். கொரிந்து நகரத்தில் அவர்கள் கூடி உண்ணும் விருந்தில் சிலர் முந்திக்கொண்டு வயிறு முட்டச் சாப்பிட, இல்லாதவர்கள் பட்டினியாக நின்றார்கள். பவுல் அதைக் கேள்விப்பட்டுக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். இல்லாதவனை வெட்கப்படுத்திவிட்டு என்ன வழிபாடு என்பதே அவர் கேள்வி.

கடன் என்ற சொல்

இத்தனை நூல்களுக்கும் நடுவில் இருக்கும் செய்தி என்ன? இயேசுவின் வாழ்விலும், உரோம ஆளுநன் பிலாத்துவின் காலத்தில் அவர் சிலுவையில் பட்ட சாவிலும், கிறிஸ்தவர்கள் நம்பும் அவரது உயிர்ப்பிலும், கடவுள் தாமே மனிதரைத் தேடி வந்தார் என்பது. அந்த அன்பை உழைத்துச் சம்பாதிக்க முடியாது, தகுதி காட்டி வாங்கவும் முடியாது. அது இலவசமாகத் தரப்படுகிறது. பெற்றவன் அதைப் பிறருக்குத் தந்தாக வேண்டும். இந்த இரண்டு பாதிகளையும் பிரித்துவிட்டால் செய்தி கெட்டுவிடும்.

இதை விளக்க இயேசு அடிக்கடி எடுத்த உவமை கடன். கெடாவில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கங்காணி பிடித்து வந்த காலத்தில் கப்பல் ஏறும்போதே கடனும் கூட ஏறியது. இன்று விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் ஆலோங் விளம்பரங்களைப் பார்க்கிறோம்.

மத்தேயு நற்செய்தியில் ஒரு கதை வருகிறது. அடைக்கவே முடியாத பெருங்கடனை அரசன் ஒருவன் தன் பணியாளுக்குத் தள்ளுபடி செய்கிறான். வெளியே வந்த அந்த ஆள், தனக்குச் சிறு தொகை தர வேண்டிய சக பணியாளின் கழுத்தைப் பிடிக்கிறான். அரசனுக்குச் சேதி போகிறது. கதை அவனுக்கு நல்லபடியாக முடிவதில்லை. கிறிஸ்தவர்கள் நாள்தோறும் சொல்லும் ஜெபத்திலும், மத்தேயுவின் மூலத்தில் பாவத்துக்கு வரும் சொல் ‘கடன்’தான்.

தமிழுக்கு வந்த வழி

கிரேக்கத்தில் எழுதிய கதை ஆறாவது வீட்டுப் பாட்டியின் வாய்க்குத் தமிழில் வந்ததே ஒரு நீண்ட பயணம். ஜெர்மானியரான சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். 1708-இல் மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். 1714-இலும் 1715-இலும் அங்கேயே அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு நம் தமிழில்தான். சீகன்பால்கு 1719-இல் காலமானபோது அவருக்கு வயது 36.

பின்னர் பலர் அதைத் திருத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருக்கு மொழிபெயர்ப்பில் துணை நின்றவர் சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர். இன்று பல வீடுகளில் இருக்கும் பழைய நடைப் பதிப்பு, பவர் தலைமையில் 1871-இல் வெளிவந்த திருத்தத்தின் வழியில் வந்தது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ 1995-இல் வந்தது.

பழைய பதிப்பில் ‘கிருபை’ என்று இருப்பது புதியதில் ‘அருள்’. ‘சுவிசேஷம்’ இங்கே ‘நற்செய்தி’. தேவாரம் கேட்டு வளர்ந்த காதுக்கு ‘அருள்’ என்ற சொல் அந்நியமல்ல. கேட்டுப் பெறுவதல்ல, தாயிடமிருந்து தானாக வருவது என்று நமக்குத் தெரியும்.

சொன்னதும் செய்ததும்

நூலில் இருப்பதெல்லாம் நடந்துவிட்டதா? இல்லை. யூதன், கிரேக்கன், அடிமை, சுதந்திரன், ஆண், பெண் என்ற வேற்றுமை இனி இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். ஆனால் நம் தமிழ்நாட்டு ஆலயங்களிலேயே சாதிக்கொரு பக்கம் என்று தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் அந்த வேற்றுமையை ஒழிக்க உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள்.

மலாயாத் தோட்டங்களிலும் கணக்கு வேறாகத்தான் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் பல தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பதே நிர்ணயித்த நாள் கூலி. துரை வீட்டில் வேதப் புத்தகம் இருந்திருக்கலாம். அதில் இருந்த திராட்சைத் தோட்டக் கதை செக்ரோல் வரை வந்து சேரவில்லை. யாக்கோபின் கடிதம் இன்னும் கூர்மையானது. அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று அது பணக்காரர்களை எச்சரிக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர்கள் மத்தேயுவின் வம்சப் பட்டியலைப் பார்த்ததும் மூடிவிடுவதுண்டு. வேறு வழி சொல்கிறேன். முதலில் மாற்கு. நான்கு நற்செய்திகளில் அதுதான் சிறியது. 16 அதிகாரம், ஒரு ஞாயிறு பிற்பகல் போதும். பிறகு லூக்கா 15: வீட்டை விட்டு ஓடிப்போன இளைய மகனைத் தகப்பன் ஓடிச்சென்று கட்டிக்கொள்ளும் கதை.

அடுத்து பிலேமோனுக்கு எழுதிய கடிதம். மொத்தமே ஓரிரு பக்கம். எஜமானை விட்டுப் பிரிந்துபோன ஒநேசிமு என்ற அடிமையைப் பவுல் திருப்பி அனுப்புகிறார். அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். அவன் பட்ட கடன் ஏதும் இருந்தால் என் கணக்கில் எழுது என்றும் சொல்கிறார். புதிய ஏற்பாட்டின் செய்தி முழுவதும் அந்த ஒரு வேண்டுகோளில் அடங்கியிருக்கிறது. வெளிப்பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை வேறாக இருந்தாலும் படிக்கலாம். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் பெருவிழாவுக்கு மெழுகுவத்தி ஏந்தப் போகும் கூட்டத்தில் இந்துக்களும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் நூலைத் தெரிந்துகொள்வதில் நம்முடையது குறைந்துவிடாது.

அண்மையில் சுங்கைப்பட்டாணியில் ஒரு துக்க வீட்டில் பாட்டியின் பேரனைச் சந்தித்தேன். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். பாட்டியின் வேதப் புத்தகம் அவரிடம்தான் இருக்கிறது. பழைய தமிழ் ஓடவில்லை என்று அலமாரியில் வைத்திருக்கிறார். நான் அந்தச் சம்பள நாள் கதையைச் சொன்னேன். தண்டல் கோபப்பட்டதைச் சொன்னபோது சிரித்தவர், பாட்டியின் பதிலைக் கேட்டதும் பேசாமல் இருந்தார்.

பிறகு சொன்னார்: “எங்க ஃபேக்டரியில ஏஜெண்டு மூலமா வந்த நேப்பாளப் பையன்கள் இருக்காங்க, அண்ணே. என் ஷிப்டுதான். அதே மெஷின்தான். அவங்க கையில என்ன கிடைக்குதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல.”

மத்தேயு இருபதாம் அதிகாரம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.